மறுநாள் காலை மார்க்

துளசிமணிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆட்டமும் பல்டியும் ஆள்மேல் ஆள் ஏறி நிற்பதுமாகச் சியர்லீடிங் போட்டி. எட்டு ஊர்க் குழுக்கள் வர இருந்தன. இதுவரை அந்தரத்தில் ஒரு பல்டிக்குத்தான் அனுமதி. இந்த வருஷம் இரட்டைப் பல்டியும் வேண்டும் என்று ஐந்து குழுக்கள் கேட்டிருந்தன. விதியை எழுத வேண்டியவள் துளசிமணி. சாயங்காலத்துக்குள் எழுதியாக வேண்டும்.

வயது நாற்பத்தாறு ஆகியும், சந்தேகம் என்று வந்தால் அவள் ஓடுவது தங்கராசு மாஸ்டரிடம்தான். அவரிடம் கற்றவள். மாஸ்டரோ அவளைவிட நாலு வயது சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அன்றும் பயிற்சிக்கூடத்து மெத்தை ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு எழுதினா, இரட்டை போடுற நம்ம நிலோபர் அதுக்கு இடம் தர்ற வேற போட்டிக்குப் போயிடுவா, மாஸ்டர். சரின்னு எழுதினா, அவளைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் குதிக்கும். எது கழுத்தை ஒடிச்சுக்குமோன்னு பயமா இருக்கு."

"கடலை சாப்பிடுங்கக்கா."

"கடலையா இப்ப முக்கியம்?"

மாஸ்டர் சிரித்தார். "ஏய் நிலோபர்! அந்த இரட்டையைப் போடு, பார்ப்போம்."

கேட்கவா வேண்டும்? ஓடி வந்தாள், எம்பினாள், அந்தரத்தில் இரண்டு சுற்று. கூடமே கைதட்டியது. மூன்று நாளாகப் புலம்பிய துளசிமணியும் தன்னை மறந்து தட்டினாள்.

மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

இறங்கிய நிலோபருக்கு இடது கால் லேசாக மடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். "ஒண்ணுமில்லக்கா."

மாஸ்டர் துளசிமணி பக்கம் திரும்பினார். "எப்ப கை தட்டினீங்க?"

"அவ சுத்தும்போது."

"கால் தரைக்கு வந்த பிறகு?"

துளசிமணி யோசித்தாள். "அதுக்குள்ள தட்டி முடிச்சிட்டேன்."

"சரின்னே எழுதுங்க. ரெண்டு என்ன, மூணு சுத்துகூடச் சுத்தட்டும். ஆனா மார்க்கை அன்னைக்கே போட வேண்டாம். மறுநாள் காலையில எல்லாருக்கும் இட்லி போடுவோம். நொண்டாம நடந்து வர்றவங்களுக்கு மார்க்கையும் போடுவோம்."

நிலோபர் மெத்தையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நொண்டிக்கிட்டு வந்தா, மாஸ்டர்?"

"இட்லி உண்டு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிலோபரும் சிரித்தாள். பிறகு தன் இடது காலைப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். குதித்தாள். பல்டி இல்லை, ஒன்றும் இல்லை. தரையில் கால் பதிவதை மட்டும் குனிந்து பார்த்தாள். மறுபடி ஏறினாள்.

துளசிமணி பாதி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"இது என்ன கூத்து, மாஸ்டர்? போட்டி முடிஞ்ச மறுநாள் எத்தனை பேர் நேரா நடந்து வருவாங்க?"

மாஸ்டர் உரித்த கடலையை அவள் உள்ளங்கையில் கொட்டினார்.

"நேரா நடந்து வர்றதுக்குத்தான்க்கா மார்க்கே."