எலி கடித்த மடக்குக்கத்தி

முன்னொரு காலத்திலே செங்குளம் சீமையைப் பூபாலசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? உட்கார்ந்தால்தானே ஆள! சிம்மாசனத்தில் ஒரு நிமிஷம் இருப்புக் கொள்ளாது. காலை ஆட்டுவான், மோதிரத்தைத் திருகுவான், எழுந்துபோய்ச் சாளரத்தை எட்டிப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் கையில் கொம்பையா ஆசாரி ஒரு மடக்குக்கத்தியைச் செய்து கொடுத்துத் தொலைத்தார். மான்கொம்புக் கைப்பிடி, விரல் நீள அலகு. மடியில் வைத்தால் வைத்ததே தெரியாது, அவ்வளவு லேசு.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கு விசாரிக்கும்போதும் டக்கென்று திறப்பான், டக்கென்று மடக்குவான். யோசனை வந்துவிட்டால் கைப்பிடியின் நுனியை வாயில் வைத்துக் கடிப்பான்.

ஆசாரிதான் ஒரு தப்புச் செய்திருந்தார். கனம் குறையட்டும் என்று கத்தியின் முதுகில், அலகை மடங்காமல் பிடித்து நிறுத்தும் வில்லுத்தகடு வைக்காமல் விட்டிருந்தார். மாதிரிக்கு அச்சாக அதேபோல் செய்த இன்னொன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்து மாங்காய் நறுக்கினார் பாருங்கள், அலகு பொசுக்கென்று மடங்கிக் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது!

சொல்லித் திருத்திவிடலாமே என்பீர்கள். சொல்லத்தான் முடியாது. ராஜாவின் பாட்டன் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தான். ராஜா கைபட்ட பொருளில் எவன் குறை சொன்னாலும் பாதி மீசையைச் சிரைத்து, பிழைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். ஆக, சொன்னால் ஆசாரியின் உலை போகும். சொல்லாமல் விட்டு ராஜாவின் விரல் போனால், ஆசாரியின் கை போகும்.

சாப்பாடு இறங்கவில்லை மனுஷனுக்கு. தினமும் சாணை பிடிக்கிற சாக்கில் அரண்மனைக்கு வந்து, ஒவ்வொரு டக்குக்கும் திடுக்கிட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றார். ஐந்தாம் நாள் தாங்கமாட்டாமல் மந்திரி குழைக்காதர் வீட்டுக்கே போய்விட்டார்.

"என்ன ஆசாரி, பேயறைந்த மாதிரி வந்து நிற்கிறீர்?"

ஆசாரி சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டுப்போட்ட விரலைக் காட்டினார். மாதிரிக் கத்தியை எடுத்து வைத்தார். மந்திரி ஒருமுறை அழுத்திப் பார்த்தார், பட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அட பாவி! திருத்த எவ்வளவு நேரமாகும்?"

"அரைநாள் போதும் ஐயா. வில்லுத்தகடு ஒன்று, நகம் போட்டுத் திறக்க ஒரு பள்ளம், வழுக்காமலிருக்கக் கைப்பிடியில் நாலு கீறல். எல்லாம் சேர்ந்து நாலு குன்றிமணி எடைகூட ஏறாது. ஆனால் ராஜா கொடுக்கணுமே!"

"இது என்னிடம் இருக்கட்டும். நீர் நாளைக்குச் சபைக்கு வந்துவிடும்."

மறுநாள் யாரோ ராஜாவுக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார்கள். ராஜா ஒன்றை எடுத்துக் கத்தியை வைத்தான். ஆசாரிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, வெளியே யானை பிளிறியது. ராஜா கத்தியை வெற்றிலைத் தட்டில் போட்டுவிட்டுச் சாளரத்துக்கு ஓடினான். மந்திரி தட்டிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டார். ராஜா திரும்பி வந்து மறுபடி கத்தியைக் கையிலெடுத்தான்.

"மகாராஜா, பழம் கொஞ்சம் பொறுக்கட்டும்," என்று மந்திரி எழுந்து மடியிலிருந்து ஒரு மடக்குக்கத்தியை எடுத்தார். "இதோ, இதுவும் கொம்பையா ஆசாரி செய்த கத்திதான். எப்படி இருக்கிறதென்று விஷயம் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை."

சேனாபதி முனையதரையர் விடுவாரா? மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம், அப்பேர்ப்பட்ட மீசை. அதை முறுக்கிக்கொண்டு வந்து கத்தியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ராஜாவுக்குச் சமமாக உமக்கும் ஒன்றா? திறக்கிறேன் பாரும். நகம் நிற்கவே இடமில்லை! பிடித்தால் விலாங்கு மாதிரி வழுக்குகிறது! ஒரு பழத்தை நறுக்கலாமென்றால்... ஐயோ!"

விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நன்றாகச் சொன்னீர்," என்றான் ராஜா. "முதுகில் ஒரு தகடு வைத்தால் மடங்காதே! இதுகூடவா தெரியாது இந்த ஆசாரிக்கு?"

ராஜாவே தலையாட்டியதும் சேனாபதிக்குக் குஷி பிறந்துவிட்டது. "தகடு கிடக்கட்டும் மகாராஜா, இந்த அசிங்கத்தைப் பாருங்கள். கைப்பிடியை எலி வேறு கடித்திருக்கிறது!"

"எலியா?" என்றார் மந்திரி. "உற்றுப் பாரும் சேனாபதியாரே. ஒரு பல் முழுசாகப் பதிந்திருக்கிறது. பக்கத்துப் பல் பாதிதான்."

அந்தச் சீமையில் முன்பல் பாதி உடைந்தவர் யாரென்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சபையே ராஜாவின் வாயைப் பார்த்தது. ராஜா படக்கென்று வாயை மூடிக்கொண்டான். தன் கையிலிருந்த கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு பல்தடமும் இல்லை.

"மோசடி! கத்தியை மாற்றிவிட்டார்!" என்று அலறினார் சேனாபதி.

"வெற்றிலை எடுக்கிற சாக்கில் மாற்றினேன்தான். ஆனால் குறையென்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! எல்லாம் நீர் சொன்னதுதான்."

ராஜா ஆசாரியின் பக்கம் திரும்பினான். "இது விரலைக் கடிக்குமென்று உனக்கு எப்போது தெரியும்?"

"கொடுத்த அன்றைக்கே மகாராஜா."

"ஏன் சொல்லவில்லை?"

ஆசாரி ஒரு கையால் மீசையைப் பொத்தி, கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ராஜா தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தான். அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"சட்டம் இருந்தால் சேனாபதியாரின் மீசை போகும்," என்றார் மந்திரி. "மீசை நிற்க வேண்டுமென்றால் சட்டம் போக வேண்டும். மகாராஜா எது செய்தாலும் சரி."

"சட்டம் தொலையட்டும்," என்றான் ராஜா. சேனாபதி மூச்சுவிட்டார். "நாளைக் காலையிலிருந்து. இன்றைக்கு என்னை எலி என்றவரின் பாதி மீசை மட்டும் போகட்டும்!"

அரைநாளில் கத்தி திருந்தி வந்தது. ராஜா மாம்பழத்தை அழுத்தி நறுக்கினான். அலகு அசையவில்லை. ஆசாரிக்கு ஒரு கை நிறையப் பொன் கொடுத்துவிட்டு, "இனி யாரும் பயப்படவேண்டாம். இதில் இன்னும் ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டபடியே கைப்பிடியை வாய்க்குக் கொண்டுபோனான்.

பழக்கதோஷம், சபை கப்சிப். ஆசாரிதான் முன்னால் வந்தார்.

"கத்தியிலே இல்லை மகாராஜா. அதைக் கடிக்கிறவரிடம்தான் ஒன்று இருக்கிறது."

ராஜாவின் கை பாதி வழியில் நின்றது. பிறகு உடைந்த பல் தெரியச் சிரித்தான், கத்தியை மடக்கி மடியில் வைத்தான். சிம்மாசனத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்குத்தான் ஒரு வழக்கை முழுசாகக் கேட்டான்.

ராஜாவின் விரல் பத்தும் பத்திரம், ஆசாரியின் உலையில் நெருப்பும் பத்திரம். சேனாபதிதான் மீசை முளைக்கும்வரை ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டே சபைக்கு வந்தார்.