சேங்கொட்டைச் சாயம் பூசிய காவல்காரி

அநியாயம் நடந்தது செம்பிக்குத்தான். செம்பி ஒரு மலையணில். உடம்பைவிட நீளமான வாலை வீசிக்கொண்டு மரத்துக்கு மரம் பறந்தவள். இன்று ஒரே ஒரு வேங்கை மரத்தில் அடைந்து கிடக்கிறாள். வால் போய்விட்டது. சிறுத்தை பிடுங்கிவிட்டது என்று காடு முழுக்கச் சொல்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதானா? சிறுத்தை பதுங்கியிருந்த வழியில் அவளை இறங்கச் சொன்னது யார்? அவளுடைய உயிர்த்தோழி மையாள்.

மையாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும்.

அவள் கருமந்திக் கூட்டத்தின் காவல்காரி. குளத்தங்கரையில் ஓங்கி நின்ற மருத மரத்தின் உச்சிக்கிளைதான் அவள் இருப்பிடம். அந்த இடத்தில் காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளி உண்டு. ஒரு புயலில் மரங்கள் சாய்ந்ததால் வந்தது. அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் தரையில் இறங்கித்தான் ஓட வேண்டும். இறங்குமுன் மருதத்தை அண்ணாந்து பார்த்து, "வழி எப்படி?" என்று கேட்பார்கள். மையாள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வழி சுத்தம்" என்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி மானும் முயலும் வெட்டவெளியைக் கடக்கும். மந்திக்குட்டிகளும் இறங்கும். அவள் சொல் ஒருநாளும் பிசகியதில்லை.

ஒருநாள் காலை கூட்டத்தலைவன் தாட்டான் அவள் நெற்றியோரம் ஒரு கற்றை நரையைப் பார்த்தான். குளத்து மறுகரை மந்திக் கூட்டம் நாளை மறுநாள் எல்லைக்கு வருகிறது, உச்சிக்கிளையில் கிழடு உட்கார்ந்திருந்தால் நம்மை என்ன நினைப்பார்கள் என்றான். அதற்குள் முடி கருத்தால் காவல் அவளுக்கு. இல்லையென்றால் வேறு இளசுக்கு. தாட்டானுக்கே முதுகு முழுக்க நரைதான். அதைத் தலைமைக்கு அழகு என்று கூட்டமே மெச்சும். ஆணுக்கு வந்தால் அழகு, பெண்ணுக்கு வந்தால் கிழடு! இது எந்த ஊர் நியாயம் என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. மையாளும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள்.

நேரே செம்பியிடம் போனாள். செம்பிக்குச் செடிகொடி எல்லாம் அத்துப்படி. "நரைச்சா என்னடி, கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். மையாள் கண்ணில் நீர் முட்டியதும் விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள்.

மருதாணி மட்டும் வைத்தால் நரை சிவக்கும், அதற்கு மேல் அவுரி இலையை அரைத்து வைத்தால்தான் கருக்கும் என்று விளக்கினாள். இரண்டையும் துளித்துளி எடுத்து மையாளின் முழங்கையின் உட்பக்கம் தடவினாள். இது இப்படியே இரண்டு நாள் இருக்கட்டும், அரிப்போ தடிப்போ வராவிட்டால் மூன்றாம் நாள் விடியலில் தலைக்கு வைக்கலாம் என்றாள். கையில் தேக்கிலையைச் சுற்றிக்கொண்டு தடவ வேண்டும். புருவத்துக்கும் இமைக்கும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. சிராய்ப்பு இருந்தால் அது ஆறும்வரை சாயத்தைத் தொடக் கூடாது. ஊறினதும் மிச்சச் சாயம் போகத் தண்ணீர்விட்டு அலச வேண்டும். இத்தனையும் சொன்னாள்.

"வெறும் இலைக்கா இவ்வளவு பாடு?" என்றாள் மையாள்.

"இலைன்னா? உன் தோலுக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு இலைக்குத் தெரியுமா?" என்றாள் செம்பி.

கணக்குப் பார்த்தால் மூன்றாம் நாள்தான் மறுகரைக் கூட்டம் வருகிறது. அன்று விடியலில் பூசி ஊறவைத்தால், அவர்கள் வந்து சேர்வதற்குள் ஓரளவு கருத்திருக்கும். முழுக்கருப்பு வர இன்னொரு தரம் வைக்க வேண்டும். அந்த 'ஓரளவு' என்ற சொல் மையாள் மனதில் முள்ளாகத் தைத்தது.

அன்று முற்பகலிலேயே இரட்டைவால் குருவி வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தான். பிறக்கும்போதே கரிக்கட்டை மாதிரி பிறந்தவன். வாழ்நாளில் ஒரு நரையைக் கண்டதில்லை. அவன்தான் சாயத்தைப் பற்றி யோசனை சொல்ல வந்தான்! மலைச்சரிவில் சேங்கொட்டை மரம் காய்த்திருக்கிறது, கொட்டையை உடைத்தால் பால் மாதிரி ஒரு சாறு வரும், காற்றுப் பட்டதும் அட்டைக் கருப்பாகிவிடும், ஒரே பூச்சு போதும், மழையில்கூடப் போகாது என்று அடுக்கினான். உடம்புக்கு ஆகாமல் போனால் என்று மையாள் இழுத்தாள்.

"மரத்துல காய்ச்சதுதானே அக்கா, இயற்கையா விளைஞ்சது உன்னை என்னக்கா பண்ணிடும்? என்னைப் பாரு, எப்படி மின்னுறேன்!"

அவன் மினுங்கலுக்கும் அந்தக் கொட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டிருக்கலாம். பாம்பின் விஷமும்தான் இயற்கை என்று சொல்லியிருக்கலாம். ஆசை வந்துவிட்டால் கேள்வி வருவதில்லை.

விஷயம் தெரிந்து செம்பி ஓடி வந்தாள். சேங்கொட்டை தோலைப் பொசுக்கும், அதைத் தொடவே தொடாதே என்றாள். மையாளுக்குக் கோபம் வந்தது. சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"நீ செம்பட்டையாவே பிறந்தவ. உனக்கு எதுவும் பொருந்தும். என் வேலை போறதைப் பத்தி உனக்கென்ன கவலை?"

செம்பி வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

போனவள் சொன்னது கொஞ்சமாவது உறைத்திருக்க வேண்டும். மையாள் சேங்கொட்டைச் சாற்றை உடனே தலையில் அப்பிக்கொள்ளவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விடியும்போது தொட்டுப் பார்த்தாள். அப்போதும் இல்லை. சோதனை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டாள். செம்பி சொன்ன இரண்டு நாளில் ஒரு நாள்கூட முழுதாகப் போகவில்லை. தோல் தன் கோபத்தை உடனே காட்டாது, சேர்த்து வைத்துக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. சோதிக்கவே சோதிக்காதவளைவிட, பாதியில் சோதனையை முடித்தவளுக்குத்தான் தைரியம் அதிகம். வெறுங்கையால் வழித்து நெற்றியில் பூசினாள், உச்சியில் பூசினாள். புருவத்திலும் இரண்டு வெள்ளை முடி இருந்தது. அங்கேயும் பூசினாள்.

அன்று முழுக்க அவளுக்குக் கொண்டாட்டம்தான். குளத்தில் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். தாட்டான்கூட, இப்போதுதான் காவல்காரி மாதிரி இருக்கிறாய் என்றான்.

மூன்றாம் நாள் விடியலில் காதுக்குப் பின்னால் அரித்தது. எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு நெற்றி எரிந்தது. விரல்கள் கொப்பளித்தன. இமைகள் தடித்தன. கீழே போய்த் தாட்டானிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். ஒரு கற்றை நரைக்கே கீழே இறக்கப் பார்த்தவன், இந்த முகத்தைப் பார்த்தால் விட்டு வைப்பானா? வாயை மூடிக்கொண்டு உச்சிக்குப் போனாள்.

மறுகரைக் கூட்டம் வந்தது. மையாள் முதல் குரல் கொடுத்தாள். அத்தனை உயரத்தில் அவர்களுக்கு அவள் முகம் தெரியவில்லை, கருப்பு மட்டும்தான் தெரிந்தது. கிளைகளை உலுக்கிக் கத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள். தாட்டான் மரத்தடியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள் மையாளின் இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் வெட்டவெளியின் ஓரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. செம்பியின் குரல். சண்டை போட்டவள்தான். ஆனாலும் வழி கேட்கிறாள். மையாளின் சொல்மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

"மையா, வழி எப்படி?"

மையாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இலைகூட அசையவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. தாட்டான் கீழே உட்கார்ந்திருக்கிறான்.

"வழி சுத்தம்," என்றாள்.

அடுத்துக் கேட்டது செம்பியின் அலறல். புதருக்குள் கிடந்த சிறுத்தை பாய்ந்து வாலைப் பிடித்துவிட்டது. செம்பி வாலை அறுத்துக்கொண்டு வேங்கை மரத்தில் ஏறினாள். பிழைத்தாள். ஆனால் வால் இல்லாத மலையணில் எப்படித் தாவும்? காற்றில் அவளைத் தாங்கிப் பிடித்து நிறுத்துவதே அந்த வால்தானே!

அதற்கப்புறம் எல்லாரும் எல்லாம் பேசினார்கள். முன்பே சொல்லியிருந்தால் வேறு ஆளை ஏற்றியிருப்பேனே என்றான் தாட்டான். கருக்கும் என்றேன், கருத்ததா இல்லையா என்றான் இரட்டைவாலன். இரண்டு பேர்மேலும் யாரும் விரல் நீட்டவில்லை. காவல் வேலை மையாளைவிட்டுப் போனது. புண் ஆறியது. சாயம் ஏறிய முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, அந்த இடமெல்லாம் வெள்ளையாகவே முளைத்தது. அதைப் பற்றி அவளுக்கு இப்போது கவலையில்லை. கண் பிழைத்துக்கொண்டது. அதை நினைத்துக்கூட அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

தினமும் பழம் பறித்துக்கொண்டு வேங்கை மரத்துக்குப் போவாள். முதலில் குருவியைத் திட்டினாள். பிறகு தாட்டானின் ஓரவஞ்சனையைச் சொல்லி அழுதாள். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். செம்பி திரும்பியே பார்க்கவில்லை. பழம் வைத்த இடத்திலேயே அழுகியது.

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் மையாள் வெறுங்கையோடு வந்தாள். யாரையும் திட்டவில்லை. செம்பியின் கிளைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எனக்குக் கண்ணே தெரியலடி. தெரியலைன்னு சொன்னா வேலை போயிடும்னு பயந்து, பார்க்காமலே உனக்கு வழி சொன்னேன். தப்பு என்னோடதுதான்."

செம்பி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு முதன்முறையாக வாய் திறந்தாள்.

"சாயம் பூசினதுக்கு உன்மேல எனக்குக் கோபமே இல்ல மையா. ஆனா ஒண்ணு, பூசுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கணும், பூசி ஏதாவது ஆகிப்போனா ஒரு நொடிகூடப் பொறுக்காம வெளியே சொல்லிடணும். நீ பொறுக்க வேண்டிய இடத்துல அவசரப்பட்ட, அவசரப்பட வேண்டிய இடத்துல பொறுத்துக்கிட்ட."