நடுங்கினால் குற்றவாளி

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், அதிரூபவர்மன் என்றொரு ராஜா இருந்தான். அவனுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். சோறு பரிமாறியவள் சிரித்தால் விஷமோ என்பான், சிரிக்காவிட்டாலும் விஷமோ என்பான்.

ஒருநாள் திடீரென்று உத்தரவு போட்டான். சேதி கொண்டுவருகிறவன் சபை நடுவிலுள்ள கருங்கல் மேல் நின்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சபையோர் கண் கொட்டாமல் அவனையே பார்க்க வேண்டும். குரலோ காலோ நடுங்கினால் அவன் எதையோ மறைக்கிறான், நேரே சிறை! இப்படியொரு சட்டம் வந்தபின் எவன் வாயைத் திறப்பான்? அமைச்சர் திருமேனிநாதர் மட்டும் தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஏரி மடையைக் காக்கும் சடையாண்டி ஒருநாள் அந்தக் கல்மேல் ஏறினான். இருநூறு கண்கள் மொய்த்தன. முழங்கால் இரண்டும் தந்தியடித்தன. வாயில் காற்றுதான் வந்தது.

"பார்த்தீர்களா மன்னா! திருட்டு முழி" என்றார் அமைச்சர்.

சபை விகடன் ஆவுடையான் எழுந்தான். "அது பயம் மன்னா, திருட்டு அல்ல."

ராஜா இப்போது ஆவுடையானையே சந்தேகத்தோடு பார்த்தான். "நீயும் கூட்டா? நாளைக் காலை இவன் நான் பேசுவதுபோலவே நடுங்காமல் பேச வேண்டும். இல்லையேல் இருவருக்கும் சிறை."

வெளியே வந்ததும் சடையாண்டி அழுதுவிட்டான். "எனக்குப் பேச வராது சாமி. ஆனா இன்னொரு மழை பெஞ்சா ஏரிக்கரை உடைஞ்சு ஊரே போயிரும்."

"அதைத்தான் முதலில் சொல்லணும்" என்றான் ஆவுடையான். "கும்பிடெல்லாம் அப்புறம். பாதத்தை அழுத்தி வை. மூச்சை முழுசா விட்டுட்டு ஆரம்பி. இருநூறு கண்ணையும் பார்க்காதே, என் மூஞ்சியை மட்டும் பார்."

மறுநாள் காலை ஆவுடையான் சபையில் பணிந்து நின்றான். "மன்னா, இவன் உட்காரத் தங்கள் சிம்மாசனம் வேண்டும்."

வாள்கள் உருவப்பட்டன. "ராஜத்துரோகம்!" என்று அமைச்சர் கூவினார்.

"தாங்கள் பேசுவதுபோலவே இவன் பேச வேண்டும் என்பது உத்தரவு. தாங்கள் மெத்தையில் சாய்ந்து பேசுகிறீர்கள். சபையோ தலைகுனிந்து தரையைப் பார்க்கிறது. அதே வசதி இவனுக்கும் வேண்டாமா? இல்லை, கல்லும் சிம்மாசனமும் ஒன்றுதான் என்றால், தாங்கள் ஒருமுறை கல்லில் நின்று காட்டுங்கள்."

"இதிலென்ன இருக்கிறது!" என்று ராஜா இறங்கிவந்து கல்மேல் ஏறினான். சட்டப்படி சபை முழுவதும் அவனையே உற்றுப் பார்த்தது. இமைக்கவில்லை, இருமவில்லை.

"நா... நான்..." கை தானாகவே இடைக்கச்சையைத் திருகியது. தொடை ஆடியது.

ஆவுடையான் பவ்யமாகக் கேட்டான்: "மன்னா, தாங்கள் எதை மறைக்கிறீர்கள்?"

ராஜா தன் தொடையைக் குனிந்து பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"கீழே நிற்பவன் பாடு இதுதானா! சடையாண்டி, நடுங்கியே பேசு. எனக்குச் சேதிதான் வேண்டும்."

சடையாண்டி பாதத்தை அழுத்தினான், மூச்சை விட்டான், ஆவுடையான் முகத்தைப் பார்த்தான். "மேலக்கரை விரிசல் விட்டிருச்சு மகாராசா. கல்லு வைக்கல, வெறும் மண்ணைக் கொட்டி மூடியிருக்கு." குரல் நடுங்கியது, ஆனால் சொல் ஒவ்வொன்றும் கடைசி வரிசை வரை கேட்டது.

கரையைச் செப்பனிட்டவர் திருமேனிநாதர். அவர் உடனே கல்லில் ஏறி, கல் எங்கே வெட்டியது, எத்தனை வண்டி வந்தது என்று ஒரு நடுக்கமும் இல்லாமல் அருவிபோலக் கொட்டினார்.

குதிரைவீரன் ஏரிக்குப் போய்த் திரும்பினான். கரையில் ஒரு கல்கூட இல்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையான் கழுத்தில் போட்டான். அன்று சாயங்காலமே ஊரெல்லாம் மேலக்கரையில் கல் சுமந்தது. சடையாண்டி மேட்டில் நின்று, "அமைச்சரே, அந்தப் பெரிய கல்லைத் தூக்குங்க!" என்று உரக்கச் சொன்னான். அவன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.