தளவாய் வீட்டில் டவர் பிடித்த கதை

கீழச்சடையன்குளத்தில் மூளையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக விளையும். அந்த ஊரிலும் தளவாயும் அவன் பெரியப்பா மக்கள் பலவேசம், ஐகோர்ட்துரை இருவரும் தனி ரகம். மூன்று தலைகளையும் சேர்த்துக் குலுக்கினாலும் ஒரு யோசனை உதிராது.

முப்பத்தெட்டு வயதில் தளவாய்க்கு ஒருவழியாகக் களக்காட்டில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா நமச்சிவாயம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எம் மக தினமும் அவ அம்மாகூடப் பேசணும். உங்க வீட்டுல டவரே எடுக்காதாமே? எடுக்குத கம்பெனியாப் பாத்து மாறிட்டு, நம்பரைச் சொல்லி அனுப்புங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன். வீட்டுக்குள்ள இருந்தே பேசினா பொண்ணு உங்களுக்கு. இல்லைன்னா வேற இடம் பாத்துக்கிடுதோம்."

பெண்ணைத் தளவாய்க்கு அவ்வளவு பிடித்திருந்தது. மூவரும் வள்ளியூருக்கு ஓடினார்கள்.

செல்போன் கடைக்காரர் மூன்று கம்பெனி சிம்மைக் கொடுத்தார். "ஒவ்வொண்ணாப் போடுங்க. ஒரு ஆள் வீட்டுக்குள்ள, ஒரு ஆள் வெளிய நின்னு பேசுங்க. எதுல தெளிவாக் கேக்கோ, அதை வச்சுக்கிடுங்க" என்றார். பாவம், மனிதர்களிடம் பேசுவதாக நினைத்துவிட்டார்.

முதல் சிம்மைப் போட்டுத் தளவாய் வீட்டுக்குள் நின்றான். பலவேசம் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். நம்பரை அமுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லவில்லை. அதனால் இவர்களும் அமுக்கவில்லை.

"ஏல தளவாய், கேக்கால?" என்று கிணற்றடியிலிருந்து கத்தினான் பலவேசம். தென்னையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

"கணீர்னு கேக்குண்ணே!"

இரண்டாவது சிம்மிலும் கணீரென்று கேட்டது. மூன்றாவதிலும் அப்படியே. எதை எடுப்பது, எதை விடுவது என்று தளவாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ஐகோர்ட்துரை போனில் இருந்த சிம்மையும் கழற்றி, மூன்றையும் பலகையில் பரப்பி, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"என்னல ஆச்சு?" என்று பலவேசம் கத்தினான்.

தளவாய் துள்ளி எழுந்தான். "அண்ணே, சிம்மே இல்லாமக் கேக்கு!"

"அப்ப அதுதான்ல நல்ல கம்பெனி! மாசா மாசம் காசும் கட்ட வேண்டாம்!"

"நம்பர் கேட்டாரே?" என்றான் ஐகோர்ட்துரை.

"இந்தக் கம்பெனிக்கு நம்பர் எதுக்குல? அவரு வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்."

களக்காட்டு பஸ் கண்டக்டரிடம் அப்படியே சொல்லி அனுப்பினார்கள். சேதியைக் கேட்ட நமச்சிவாயத்துக்குத் தலை சுற்றியது. மாப்பிள்ளைக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று நேரில் பார்க்க, வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்.

இங்கே மூவரும் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஒரே போனில் காதை வைத்திருந்தார்கள். உள்ளே வந்த டவர் வெளியே போய்விடக் கூடாதாம்.

சரியாகப் பதினோரு மணி. "மாப்ள! தளவாய் மாப்ள!" என்று வாசலில் நமச்சிவாயத்தின் குரல்.

"மாமா! தெளிவாக் கேக்கு மாமா!" என்று போனுக்குள் கூவினான் தளவாய். அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"நான் வாசல்ல நிக்கேன். கதவைத் திறங்க."

"உங்க வாசல்லயா மாமா? பக்கத்துல நிக்குத மாதிரியே இருக்கு!"

"உங்க வாசல்லதான்வே! திறங்க!" கதவு அதிர்ந்தது.

"திறந்துராதல, டவர் போயிரும்" என்று பலவேசம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டான்.

நமச்சிவாயத்துக்குப் பொறுமை போயிற்று. "ஒம்ம மாதிரி கூறுகெட்டவனுக்கு எம் பொண்ணு கிடையாது!"

அதற்குமேல் சத்தமில்லை. "நல்லாத்தானே பேசினேன்!" என்று தளவாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். ஐகோர்ட்துரை சன்னலைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தான்.

"அண்ணே, பஸ் ஸ்டாப்புக்குப் போறவரைப் பாத்தா ஒங்க மாமா மாதிரியே இருக்கு. ஓடிப்போய் கால்ல விழுந்துரலாமா?"

தளவாய் எட்டிப் பார்த்தான். நடை, வழுக்கை, மஞ்சப்பை எல்லாம் மாமாவுடையதுதான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னலைச் சாத்தினான்.

"இப்பத்தான களக்காட்டுல இருந்து பேசினாரு? நம்ம கம்பெனி பேச்சைத்தாம்ல கொண்டுவரும். ஆளையுமா கொண்டுவரும்?"