கண்டக்டர் எடுத்த கணக்குப் பாடம்

பலவேசம் பன்னிரண்டு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அஞ்சல் வழியில் கணக்கில் பட்டம் வாங்கி, முப்பத்தெட்டாவது வயதில் பி.எட். சேர்ந்து, பயிற்சிக்காக ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். போன வருஷம் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் பழையபடி பஸ் படிக்கட்டுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

அவருக்கு வழிகாட்டி மெர்லின் டீச்சர். வயது இருபத்தொன்பது. ஆளும் ஒல்லி, குரலும் ஒல்லி. பத்து வயது மூத்த சிஷ்யனை எப்படிக் கூப்பிடுவது என்று மெர்லின் டீச்சர் ரொம்ப யோசிக்கவில்லை. முதல் நாளே "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

பலவேசத்துக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது.

"பிள்ளைகள்லாம் சார்னு கூப்பிடுது. நீங்க மட்டும் அண்ணாச்சிங்கீங்களே டீச்சர்?"

"அதுக்கு ஒரு நாள் வரும் அண்ணாச்சி. அவசரம் என்ன?"

சும்மா சொல்லக் கூடாது, பலவேசம் பாடம் எடுத்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். கலர் கலராகச் சார்ட், மணிமணியான கையெழுத்து. பாடம் முடிந்ததும் பலகையைத் தட்டி, "புரிஞ்சுதா?" என்பார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே மூச்சில், "புரிஞ்சுது சாஆஆர்!" என்று கத்தும். ஓடு அதிரும். பலவேசத்துக்கு உள்ளம் குளிர்ந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாடக்குறிப்பு நோட்டை நீட்டினார்.

"டீச்சர், வியாழக்கிழமை தேர்வாளர் வாராரு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா நான் தயார். எல்லாப் பிள்ளைக்கும் புரிஞ்சுட்டு."

"யாரு சொன்னா?"

"அவங்களே சொன்னாங்கல்லா. நீங்களும் கேட்டீங்களே."

மெர்லின் டீச்சர் நோட்டை வாங்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் போனார். பலவேசம் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதினார் டீச்சர்.

"ரெண்டையும் கூட்டணும். மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. ஆக, அஞ்சில் ரெண்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்ர்ர்!"

ஓடு அதிர்ந்தது. பலவேசமும் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார்.

"அழிங்க எல்லாரும். நான் சொன்னது அம்புட்டும் தப்பு. அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறையுமா? சரியான வழி வியாழக்கிழமைப் பாடம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பலவேசம் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் மெர்லின் டீச்சர் கேட்டார். "உங்களுக்குத் தப்புன்னு தெரியும்லா அண்ணாச்சி? பின்ன ஏன் தலையாட்டுனீங்க?"

"நீங்க சொல்லும்போது சரியாத்தான் இருக்கும்னு..."

"அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க."

பலவேசத்துக்கு முகம் செத்துப்போனது. "அப்ப புரியாத பிள்ளையை எப்படித்தான் கண்டுபிடிக்கது டீச்சர்?" என்றார்.

"நீங்கதான் எனக்குச் சொல்லணும். பஸ்ஸில டிக்கெட் எடுக்காதவன் யாருன்னு கேட்டா, அவன் கை தூக்குவானா?"

"நல்லாத் தூக்குவான்! நாம கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்ப்பான். கழுத்தைப் பார்த்தே சொல்லிருவேன் டீச்சர். பன்னிரண்டு வருஷத்தில ஒருத்தன் தப்பினதில்ல."

மெர்லின் டீச்சர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். நோட்டில் கையெழுத்து விழவில்லை.

வியாழக்கிழமை தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மெர்லின் டீச்சர் வாசலில் நின்றார். பலவேசம் பிரமாதமாகத்தான் எடுத்தார். அறிமுகம், சார்ட், எடுத்துக்காட்டு என்று ஒவ்வொன்றும் நேரத்துக்கு நடந்தது. கீழே இருந்த ரெண்டையும் மூணையும் ஆறாக்கி, ஆறில் ஐந்து என்று விடையை எழுதிக் கோடு போட்டார். தேர்வாளர் தலையசைத்துப் பேனாவை மூடினார். இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. முடிவுரையும் வீட்டுப்பாடமும்தான் பாக்கி.

வாய் சும்மா இருக்குமா? பழைய கேள்வி தானாக வந்து விழுந்தது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாஆஆர்!"

மூன்றாவது பெஞ்சில் இசக்கிப்ரியாவும் வாயைத் திறந்துதான் கத்தினாள். ஆனால் கத்திய கையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஒரு காக்கா கூட இல்லை.

அந்தக் கழுத்தைப் பலவேசத்துக்குத் தெரியும்.

பேசாமல் முடிவுரைக்குப் போயிருக்கலாம். மார்க் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கால் என்னவோ பெஞ்சுகளுக்கு நடுவே, கூட்டமான பஸ்ஸில் போவது போல ஒருக்களித்து நடந்து போய்விட்டது.

"தாயி," என்றார் மெதுவாக. அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்பதே அன்றுதான் வகுப்புக்குத் தெரிந்தது. "எந்த ஸ்டாப்புல விட்டுப்போச்சு?"

இசக்கிப்ரியா பலகையைக் காட்டினாள். "சார்... அந்த ஆறு எங்கேருந்து சார் வந்துச்சு?"

"அட! இதை இல்ல முதல்ல கேட்டிருக்கணும்? சபாஷ்!"

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். குறுக்கே இரண்டாக மடிக்கச் சொன்னார். நெடுக்கே மூன்றாக மடிக்கச் சொன்னார். விரித்து எண்ணச் சொன்னார்.

"ஆறு கட்டம் சார்."

"அதில பாதி எத்தனை?"

"மூணு."

"மூணில் ஒரு பங்கு?"

"ரெண்டு... சார்! மூணும் ரெண்டும் அஞ்சு! ஆறில் அஞ்சு!" அவள் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டாள்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "மத்தவங்க எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று அவரே கேட்டார்.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "எனக்கும் அந்த ஆறு புரியல சார்." அதற்கு அடுத்து இன்னொரு கை. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயர்ந்துகொண்டே போனது. பதினொன்று.

மணி அடித்தது. தேர்வாளர் பலவேசத்தை ஏற இறங்கப் பார்த்தார். தன் நோட்டில் என்னமோ எழுதினார். "முடிவுரை இல்ல, வீட்டுப்பாடம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பலவேசம் வராந்தாவுக்கு வந்தார். கையெல்லாம் சாக்பீஸ் மாவு. அதோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போச்சு டீச்சர். அவர் கண்ணு முன்னாலயே பதினொரு பேரு புரியலன்னுட்டாங்க. இவ்வளவு பாடுபட்டும் நான் வாத்தியாராக மாட்டேன் போல."

மெர்லின் டீச்சர் கையை நீட்டினார். பலவேசத்துக்குப் புரியவில்லை.

"நோட்டைக் குடுங்க."

கொடுத்தார். டீச்சர் அதைத் தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தில ஆறு வருஷமா, புரியாதவங்க கை தூக்குங்கன்னு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் எனக்கு ஒரு பிள்ளை கூடக் கை தூக்கினதில்ல."

பலவேசம் வகுப்பை எட்டிப் பார்த்தார். உள்ளே, இறங்காத கைகள் இன்னும் இரண்டு மூன்று இருந்தன. இசக்கிப்ரியா யாருக்கோ தாள் மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மெர்லின் டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு. போங்க சார்."