முன்தேதி

பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளர் தெய்வானை ஒரு கோப்போடு தன் ஆசிரியர் ஞானாதிக்கத்தின் வீட்டுக்கு வந்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள். பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இடப்பக்கம் அசையாது. பேச்சு மட்டும் தப்பியிருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். நோயாளி பராமரிப்புக்கென்று எட்டு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைக் கல்விக்குழுவின் அனுமதி வருமுன்பே ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்து மூன்று பெண்கள் படித்து முடித்தார்கள். மருத்துவமனைப் பயிற்சியே தரவில்லை என்று இப்போது கல்விக்குழு படிப்பை நிராகரித்துவிட்டது. சான்றிதழ் கையில் இருந்தால் திங்கட்கிழமை அவர்களுக்கு ஒரு மருத்துவமனையில் வேலை. போன வருஷமே அனுமதி கொடுத்ததாக முன்தேதி போட்டு எழுதிவிடச் சொல்கிறார் துணைவேந்தர்.

"அனுமதி இல்லாத படிப்புக்குச் சான்றிதழ் கிடையாதுன்னு கல்விக்குழுவுல இருக்கும்போது விதி எழுதினதே நீங்கதான் சார். ஒரு தேதியை மாத்தினா இருபத்து மூணு குடும்பம் பிழைக்கும். மாத்தலாமா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டார்.

பேச்சித்தாய். அந்தப் பெண்களில் ஒருத்தி. பீடி சுற்றுவதை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். பெரியவரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று கூடவே வந்திருந்தாள்.

உள்ளே கூப்பிடச் சொன்னார்.

"சுவர்ப் பக்கமா என்னை ஒருக்களிச்சுப் படுக்க வை, தாயி."

அவள் முகம் மலர்ந்தது. செய்ய வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை வரிசையாகச் சொல்லிக்கொண்டாள். பிறகு குனிந்து அவரைப் புரட்டினாள். அசையாத இடக்கை உடம்புக்கு அடியில் மடங்கிச் சிக்கியது. அவரிடமிருந்து வந்த சத்தத்தைத் தெய்வானை அதுவரை கேட்டதில்லை. ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கையை விடுவித்தாள்.

பேச்சித்தாய் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

"பொம்மையத்தான் புரட்டியிருக்கேன், ஐயா" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்க. ஒரு நாள்கூடக் கூட்டிட்டுப் போகல."

அவர் கண்களை மூடிக்கொண்டார். தெய்வானை கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றைக்கே துணைவேந்தருக்கு எழுதினாள். தேதியை மாற்ற முடியாது, பயிற்சி தராதது பல்கலைக்கழகத்தின் தவறு, கட்டணம் வாங்காமல் அந்தப் பயிற்சியை உடனே நடத்த வேண்டும் என்று. கல்விக்குழுவுக்கும் ஒரு பிரதி போய்விட்டதால் துணைவேந்தரால் தேதியில் கை வைக்க முடியவில்லை. பயிற்சியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தெய்வானையைத் தொலைதூரக் கிளை ஒன்றுக்கு மாற்றினார்.

திங்கட்கிழமை போனது. பெண்கள் இரண்டு நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்தார்கள். ஒருத்தி தெய்வானையின் முகத்துக்கு நேராகவே சபித்தாள். பேச்சித்தாய் மறுபடி பீடி சுற்றப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

ஊரை விட்டுப் போகுமுன் தெய்வானை ஆசிரியரைப் பார்க்க வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னபோது அவர் கண்ணோரம் நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவங்களுக்கு வேலை போச்சு. எனக்கு ஊர் போச்சு. துணைவேந்தர் அதே நாற்காலியிலதான் இருக்கார்" என்றாள். "இதுல யாருக்கு சார் நல்லது நடந்தது?"

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"எங்கேயோ ஒரு கட்டில்ல கிடக்கிற யாருக்கோ. அவங்க பேரு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."