மாடத்தி நீட்டிய தாள்

சுரண்டையில் ஊர்த்துணியெல்லாம் வெளுத்துத் தேய்க்கிற மாடத்தி, புது இஸ்திரிப் பெட்டி வாங்கக் கடன் கேட்டுப் போனாள். கடன் கம்பெனி மேனேஜர் ஞானசிகாமணியின் சட்டைக்கும் அவள்தான் இஸ்திரி. அவர் இருபது பக்க இங்கிலீஷ் தாளை நீட்டினார்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா. படிச்சுச் சொல்ல நேரமில்லை, ரேகையை வை."

மாடத்தி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, துணியில் அடையாளத்துக்குப் போடும் வெளுப்புக் குறிகளை வரிசையாக எழுதி அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். உங்க நல்லதுக்குத்தான்."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போடுவேன்?"

"இனிமே உங்க சட்டைக்கு ரெட்டைக் கூலின்னு எழுதியிருக்கேன். நீங்க உஷாரு, கேட்டுட்டீங்க. நானும் கேக்கலாமா சார்?"

கடனுக்காகப் பின்னால் காத்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். பதினோராம் பக்கத்தில், யாரும் கேட்காத இன்சூரன்சுக்கு மூவாயிரம் பிடிக்கிற இடம் வந்ததும் அவர் குரல் இறங்கிப்போனது.

"அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள் மாடத்தி.

அன்றைக்கு மேனேஜர் அந்த வரியை ஒன்பது பேர் தாளில் அடித்து நீக்க வேண்டியதாயிற்று.